சத்தமுழுங்கி

"பேசிய சொற்கள்: பூச்சியம்" என்றது பொத்தான்.

இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து நடக்கப் போகிற கதை இது. அப்போது ஒன்றாம் வகுப்பில் சேர வரும் பிள்ளைகளின் சட்டையில் ஒரு வாரத்துக்கு ஒரு பொத்தானைக் குத்தி அனுப்புவார்கள். பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை சொல் பேசுகிறது என்று அது எண்ணிக்கொண்டே இருக்கும். துளசிமணியின் பொத்தான் ஏழு நாளும் பூச்சியம் காட்டியிருந்தது. தலைமையாசிரியை எழிலரசி அதை மேசைமேல் வைத்துவிட்டு, எப்படிச் சொல்வதென்று தெரியாமல் கண்ணாடியைத் துடைத்தார்.

"மெஷின் ரிப்பேருங்க டீச்சர்" என்றாள் துளசிமணியின் அம்மா சம்பூரணம், கொஞ்சமும் யோசிக்காமல். "இவளாவது பேசாம இருக்கறதாவது! காத்தால எந்திரிச்சதுல இருந்து படுக்கற வரைக்கும் ஒரே தொணதொணப்பு. இவங்கப்பா வாயாடின்னுதான் கூப்புடுவாரு. நீங்களே பாருங்க. கண்ணு, நேத்துப் பூனை என்ன பண்ணுச்சுன்னு டீச்சருக்குச் சொல்லு சாமி."

ஐந்து வயதுத் துளசிமணி நாற்காலியிலிருந்து இறங்கி நின்றாள். வாய் மூடியபடி இருந்தது. கைகள் மட்டும் பறந்தன. நூல் கூடைக்குள் பூனை குதித்தது, நூலைச் சுற்றிக்கொண்டு ஓடியது, அப்பா துரத்தியது, அப்பா வழுக்கி விழுந்தது, எழுந்ததும் யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தது, எல்லாம் வந்தன. சம்பூரணம் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"பாத்தீங்களா? இதையா பூச்சியம்ங்கறீங்க?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலைங்களே, சம்பூரணம்" என்றார் எழிலரசி மெதுவாக.

சிரிப்பு பாதியில் நின்றது.

இதை வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். பெற்ற பிள்ளை பேசுகிறதா இல்லையா என்று ஐந்து வருஷமாக ஒரு தாய்க்குத் தெரியாதா என்பார்கள். அவர்கள் ஆலாங்காட்டுத் தெருவுக்கு வந்து கால் மணி நேரம் நிற்க வேண்டும். தெருவில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. காலை ஆறு மணிக்கு ஓட ஆரம்பித்து ராத்திரி பிள்ளைகள் தூங்கும்வரை முன்னூறு தறியும் சேர்ந்து அடிக்கிற அடியில், காதுக்குள் வாய் வைத்துக் கத்தினாலும் ஒரு சொல் விளங்காது. அதனால் அங்கே எல்லாரும் கையால் பேசுவார்கள், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். இரண்டு விரலைக் கத்தரிபோல் வெட்டினால் இழை அறுந்தது. ஐந்து விரலையும் விரித்துக் குவித்தால் கரண்ட் போனது. சம்பூரணமும் அவள் வீட்டுக்காரர் சென்னியப்பனும் கல்யாணமான ஒன்பது வருஷத்தில் போட்ட சண்டையில் முக்கால்வாசி கையால் போட்டதுதான். தெருவிலிருக்கும் அங்கன்வாடிகூட இரண்டு தறிப் பட்டறைக்கு நடுவில் இருந்தது. அங்கே ஆயாவும் கையால்தான் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார். விருந்துக்கு வெளியூர் போனால் பிள்ளை ஒட்டிக்கொண்டு வாய் திறக்காமல் நிற்கும். கூச்சம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

சம்பூரணம் தன் மகளின் குரலை நினைவில் தேடிப் பார்த்தாள். அழுகை இருந்தது, சிரிப்பு இருந்தது. ஒரே ஒரு சொல்கூடக் கிடைக்கவில்லை.

"ஜூன்ல வகுப்பு ஆரம்பம்" என்றார் எழிலரசி. "அதுக்குள்ள கொஞ்சமாவது பேசிட்டா நானே சேத்துக்கறேன். இல்லைன்னா கோயமுத்தூர்ல இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குன்னே ஒரு பள்ளிக்கூடம் இருக்குது. நல்ல பள்ளிக்கூடந்தான். ஆனா விடுதியில தங்கணும். மாசத்துக்கு ஒருக்காப் போய்ப் பாத்துக்கலாம். பொத்தான் அவகிட்டயே இருக்கட்டும், அப்பறமாப் பாக்கலாம்."

மாசத்துக்கு ஒருக்கா. அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு சம்பூரணம் வீடு வந்து சேர்ந்தாள்.

பட்டறையில் எட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருந்தன. சென்னியப்பன் மூன்றாம் தறியின் சட்டத்தில் வலது உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அது அவர் வழக்கம். எந்தத் தறியில் கோளாறு வந்தாலும் கை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். சம்பூரணம் நடந்ததைக் கையால் சொன்னாள். அவர் மகளைப் பார்த்தார். பிறகு, 'முதல்ல சத்தத்தைக் குறைச்சாகணும்' என்று கையால் சொன்னார்.

வழி இருந்தது. அந்த ஆண்டு அரசாங்கத்தின் ஒலிநலப் பிரிவு பட்டறைகளுக்கு ஒரு கருவியை இலவசமாக மாட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது. சம்பூரணம் அன்றே அலைபேசியில் விண்ணப்பம் போட்டாள். ஆறு மாதமாவது இழுக்கும் என்று தெருவில் பயமுறுத்தினார்கள். மூன்றாம் நாளே ஏணியும் பெட்டியுமாக ஒரு பெண் வந்து இறங்கினாள். பெயர் பர்வீன், சொந்த ஊர் ஆம்பூர், கருவிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாத பெண்.

"இவ்வளவு சீக்கிரமாவா அம்மிணி?" என்று சம்பூரணம் வாசலில் நிற்கவைத்தே கேட்டாள்.

"உங்க வீடு பட்டியல்ல மேலயே இருந்ததுக்கா" என்றாள் பர்வீன்.

நான்கு அடுக்கு டிபன் கேரியர் அளவில் ஒரு பெட்டியை அவள் பட்டறை விட்டத்தில் தொங்கவிட்டாள். தறி நின்றிருந்த அந்த அரைமணி நேரத்தில் விளக்கமும் சொன்னாள்.

"இது தறிச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே இருக்கும். கேட்ட அதே நொடியில அதுக்கு நேர் எதிரான சத்தத்தை விடும். ரெண்டும் மோதி ஒண்ணையொண்ணு தின்னுடும்."

"நாங்க பேசறதையும் தின்னுபோடுமா?"

"அதைத் தொடாதுக்கா. தறியை மட்டும்தான் அதுக்குப் பழக்கியிருக்கோம். மொத்தம் பத்துப் படி இருக்கு. பத்தாவது படி வெச்சா சுத்தமா ஒண்ணும் கேக்காது."

"பத்துலயே வெச்சுருங்க" என்றாள் சம்பூரணம். பிள்ளைக்கு மருந்து கொடுப்பதென்றால் கொஞ்சமாகவா கொடுப்பது என்ற எண்ணம் அவளுக்கு.

தறிகள் ஓட ஆரம்பித்தன. சத்தமே இல்லை. கண்ணாடித் தொட்டிக்குள் மீன் போவதுபோல, ஊடிழையை இழுத்துக்கொண்டு நாடாக்கள் இங்குமங்கும் ஓடின. துணி நீண்டது. எங்கோ ஒரு காக்கை கத்தியது. நாற்பது வருஷத்தில் தறி ஓடும் வேளையில் ஆலாங்காட்டுத் தெருவில் காக்கை கத்திக் கேட்டது அதுவே முதல் தடவை. ஜனங்கள் அந்தப் பெட்டிக்கு அன்றே சத்தமுழுங்கி என்று பேர் வைத்துவிட்டார்கள்.

பெட்டியின் வீச்சு அக்கம்பக்கத்து நான்கு வீடுவரை எட்டியது. வேடிக்கையும் அங்கேதான் ஆரம்பித்தது. தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகள் எல்லாம் ஒன்றாக விழித்துக்கொண்டு வீறிட்டன. சத்தத்தில் பிறந்து சத்தத்தில் தூங்கிய பிள்ளைகளுக்கு அமைதிதான் திடுக்கென்றிருந்தது. எதிர்வீட்டு மாமியார் பல வருஷமாக மருமகளைப் பற்றி உரக்கச் சொல்லிவந்ததெல்லாம் மருமகள் காதில் முதல்முறையாக விழுந்தது. மருமகள் உரக்கச் சொல்லிவந்தது மாமியார் காதிலும் விழுந்தது. நான்காம் நாளுக்குள் அந்த வீட்டில் மூன்று பஞ்சாயத்து நடந்து முடிந்துவிட்டது.

சம்பூரணத்துக்கும் ஒரு கோபம் வந்தது. அமைதியான பட்டறையில் நின்று, புது மணப்பெண்ணைப் போலக் குரலை இறக்கி, "ஏனுங்க" என்று கூப்பிட்டாள். சென்னியப்பன் முதுகைக் காட்டியபடி இழை முடிந்துகொண்டிருந்தார். திரும்பவில்லை. இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டாள். ஏறெடுத்துப் பார்க்கவில்லை மனுஷன். ஒன்பது வருஷம் கழித்துப் பெண்டாட்டி வாய் திறந்து கூப்பிட்டால் இதுதான் மரியாதையா என்று நினைத்து, மூன்று நாள் அவள் கையாலும் பேசவில்லை. சோற்றை மட்டும் ணங்கென்று வைத்தாள்.

துளசிமணிதான் கவலை தந்தாள். முதல்நாள் தறியருகே ஓடிவந்து ஐந்து விரலையும் விரித்துக் குவித்தாள். 'கரண்ட் எப்ப வரும்?'

'போகலையே சாமி, பார், தறி ஓடுது.'

பிள்ளை தறியைப் பார்த்தாள், நாடாவைப் பார்த்தாள். ஓடுகிறது, ஆனால் ஓடவில்லை. அவள் முகம் சுண்டிப்போனது. மறுநாளும் அதே கேள்வி. அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை, தட்டில் வைத்த சோறு அப்படியே இருந்தது. நூல் மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு, ஒரு குச்சியால் பலகையை டக்கு டக்கென்று தட்டிக்கொண்டே இருந்தாள். வாய் திறக்கும் என்று பார்த்தால், பேசிக்கொண்டிருந்த கையும் நின்றுவிட்டது.

ஒன்பதாம் நாள் மத்தியானம் சம்பூரணத்துக்குப் பொறுக்கவில்லை. "நீ பேசவே வேண்டாந் தாயி, பழையபடி தூங்குனாப் போதும்" என்று சொல்லிக்கொண்டே போய்ச் சத்தமுழுங்கியை அணைத்தாள்.

எட்டுத் தறியும் இரைச்சலோடு திரும்பி வந்தன. தரை அதிர்ந்தது. மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து துளசிமணி பாய்ந்து வந்தாள். பட்டறை நடுவில் நின்று இரண்டு கையையும் மேலே தூக்கி, கழுத்து நரம்பு புடைக்க வாயைத் திறந்தாள். சம்பூரணத்துக்கு உதட்டைப் படிக்கத் தெரியும். மின்சாரம் திரும்பி வரும்போதெல்லாம் தெருப் பிள்ளைகள் கூவுகிற கூவல் அது.

'கரண்ட்டு வந்துருச்சேய்!'

உதடு தெரிந்தது. சத்தம் ஒரு பொட்டுகூடக் கேட்கவில்லை.

சம்பூரணம் பாய்ந்து கருவியைப் போட்டாள். அமைதி. பிள்ளையின் வாய் மூடிக்கொண்டது. அணைத்தாள். வாய் திறந்தது, கை பறந்தது, பூனைக் கதை ஒன்று புதிதாக ஆரம்பமானது. போட்டாள், மூடியது. இப்படி ஆறேழு தடவை செய்தாள். பார்த்தவர்கள் பைத்தியம் என்றிருப்பார்கள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அது குரலா, வெறும் உதட்டசைவா? தெரியாமல் ஒரு நிமிஷம்கூட இருக்க முடியாதென்று பர்வீனுக்கு அழைப்புப் போட்டாள்.

பர்வீன் மறுநாள் காலை வந்தாள். கதையைக் கேட்டதும் அவள் கண் பிள்ளையின் சட்டைப் பொத்தானில் போய் நின்றது.

"இது எண்ணுறது மட்டுமில்லக்கா, பதிஞ்சும் வெச்சிருக்கும். தறிச் சத்தம் மூடியிருந்ததால இதுக்குச் சொல் எதுவும் பிடிபட்டிருக்காது. சத்தமுழுங்கிக்குள்ள விட்டுப் பாக்கலாம்."

பொத்தானைப் பெட்டியோடு இணைத்தாள். முதலில் ஓ என்ற தறி இரைச்சல் வந்தது. பெட்டி அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. இரைச்சல் கரையக் கரைய, அடியிலிருந்து ஒரு குரல் மேலே வந்தது.

"...பூனை வந்து கூடையில குதிச்சுப்போட்டு ஓடுது, அப்பா டொம்முனு வுளுந்துட்டாரு, அம்மா இங்க பாரும்மா, அம்மா, அப்பா யாரும் பாக்கலைன்னு பாக்கறாரு..."

திருவிழா ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்கிறவரின் குரல்போல இருந்தது. கரகரப்பும் கட்டையுமாக, ஒவ்வொரு சொல்லும் தெருவைத் தாண்டிப் போகிற வேகத்தில். பர்வீன் திரையைப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தாள். "ஒரு நாளைக்குப் பதினோராயிரம் சொல்லுக்கா!"

"நாந்தான் அன்னைக்கே சொன்னேனே, மெஷின் ரிப்பேருன்னு!" என்று கத்திய சம்பூரணம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். 'அம்மா இங்க பாரும்மா' என்று எத்தனை ஆயிரம் தடவை தன்னைக் கூப்பிட்டிருக்கிறாள் இந்தப் பிள்ளை! அத்தனையும் தறிக்குள் போய்விட்டதே என்று அழுதாள். அழுதுகொண்டே, "இன்னொருக்காப் போடு அம்மிணி" என்றாள்.

"அப்பறம் ஏன் அமைதியா இருந்தா வாய் தெறக்க மாட்டேங்கறா?" என்று கேட்டாள் சம்பூரணம்.

"இவளுக்குத் தறிச் சத்தம்தான் தரைக்கா. பொறந்ததுல இருந்து அது மேலதான் நின்னு பழகியிருக்கா. நாம திடீர்னு தரையை உருவிட்டோம். தரையில்லாம எப்படி நிப்பா? சத்தம் அதிகமானாலும் உடம்புக்குக் கெடுதல், சுத்தமா இல்லாமப் போனாலும் பிள்ளைக்குப் பயம். பத்துல வெச்சது என் தப்பு. நானாவது சொல்லியிருக்கணும்."

பர்வீன் படியைக் குறைத்துக்கொண்டே வந்தாள். எட்டு. மறுபடி மூட்டைக்குப் பின்னால் போயிருந்த பிள்ளை தலையை நீட்டினாள். ஏழு. எழுந்து நின்றாள். ஆறில், தூரத்தில் மழை பெய்வதுபோலத் தறி கேட்டது. துளசிமணி காதைச் சாய்த்தாள். பிறகு நேராக அம்மாவிடம் வந்து, வயிற்றில் தலையை முட்டி, தெருவே அதிரும்படி கேட்டாள்.

"அம்மா, பசிக்குது, தோசை இருக்குதா?"

சம்பூரணம் அவளை வாரித் தூக்கிக்கொண்டாள். "ஏனுங்க! கேட்டீங்களா? ஏனுங்க!"

சென்னியப்பன் ஐந்தாம் தறியில் கை வைத்தபடி முதுகைக் காட்டி நின்றிருந்தார். திரும்பவில்லை. சம்பூரணத்துக்குச் சுர்ரென்று ஏறியது. வாயைத் திறக்கப் போனவளின் கையைப் பர்வீன் பிடித்தாள். தன் கருவிப் பெட்டியிலிருந்து ஒரு விசிலை எடுத்து, அவர் முதுகுக்குப் பின்னால் போய் ஓங்கி ஊதினாள். துளசிமணி காதைப் பொத்திக்கொண்டாள். அவர் அசையவில்லை.

பிள்ளை இறங்கி ஓடி அப்பாவின் வேட்டியை இழுத்தாள். திரும்பியவர் எல்லாருடைய முகத்தையும் பார்த்தார். விசிலைப் பார்த்தார். பிடிபட்ட திருடன்போல அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்.

'எவ்வளவு நாளா?' என்று கேட்டாள் சம்பூரணம், கையால்.

"நாலு வருசமாச்சு" என்றார் வாயால். பிறகு அவளுக்கென்று கையால் சேர்த்துக்கொண்டார். 'உன்கூடப் பேசறதுக்குக் காது எதுக்கு?'

மூன்று நாள் ணங்கென்று சோறு வைத்தது நினைவுக்கு வந்து சம்பூரணம் முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.

பர்வீன் தன் கைக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். "நீங்க விண்ணப்பம் போட்டதால மட்டும் மூணே நாள்ல நான் வரலைக்கா. அண்ணன் போட்டது ஐப்பசியிலயே வந்திருந்தது. நீங்களும் போட்டதும் அதை மேல தூக்கிட்டாங்க." காரணம் என்ற இடத்தில் சென்னியப்பன் ஒரே வரி எழுதியிருந்தார். 'என் காது போனது போகட்டும், என் மகள் காது போகக் கூடாது.'

அவருக்கு ஒரு செவிக்கருவி தருவதாகப் பர்வீன் எழுதிக்கொண்டாள். ஆடி மாதம் கிடைக்கும் என்றாள். "மெதுவா வரட்டுங்க, என்ன அவசரம்" என்றார் அவர், அவள் உதட்டைப் படித்துவிட்டு.

பதிவைக் கேட்ட எழிலரசி டீச்சர் சேர்க்கைப் படிவத்தை எடுத்து நீட்டினார். ஜூனில் துளசிமணி பள்ளிக்கூடம் போனாள். வகுப்பு மூலையில் பர்வீன் ஒரு சின்னப் பெட்டியை வைத்திருந்தாள். அதிலிருந்து தறிச் சத்தம் மழைபோல மெல்ல வரும். தினம் ஒரு நூல் அளவு குறைப்பார்கள். முதல் வாரம் மற்றப் பிள்ளைகள் அது என்னவென்று கேட்டார்கள். இரண்டாம் வாரம் அது இல்லாமல் மத்தியானத் தூக்கம் வரவில்லை என்றார்கள்.

ஆனி முடிவதற்குள் சம்பூரணத்துக்கு மறுபடி அழைப்பு வந்தது. மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டதுபோல ஓடினாள். சென்னியப்பனும் பின்னாலேயே வந்தார். எழிலரசி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உங்க பொண்ணு பேசறா" என்றார்.

"சந்தோஷமுங்க டீச்சர்."

"ரொம்பப் பேசறா. அவ அஞ்சாம் வாய்ப்பாடு சொன்னா அஞ்சாம் வகுப்புல எழுதிக்கறாங்க. சரி, கொஞ்சம் வாயை மூடு கண்ணுன்னு சொன்னேன். மூடிக்கிட்டுக் கையால பேசறா. இப்ப வகுப்பே கத்துக்கிச்சு. முப்பத்திரண்டு பிள்ளைக, ஒரு சத்தம் இல்லை, ஆனா ஒருத்தரும் பாடத்தைக் கவனிக்கலை. நேத்து நானே தமிழய்யாகிட்ட டீ வேணுமான்னு கையாலதான் கேட்டேன்." சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார்.

துளசிமணி வகுப்பிலிருந்து பையோடு ஓடி வந்தாள். வந்த வேகத்தில் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அன்றைய கதையை ஆரம்பித்தாள். வாய் அம்மாவுக்கு, கை அப்பாவுக்கு, இரண்டும் ஒரே நேரத்தில்.

சென்னியப்பன் குனிந்து அவள் கைகள் இரண்டையும் தன் இடது கையில் மெதுவாகப் பிடித்துக்கொண்டார். 'வாயால சொல்லு' என்பதுபோலத் தலையசைத்தார். பிறகு வலது உள்ளங்கையைத் தறிச் சட்டத்தில் வைப்பதுபோல அவள் முதுகில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். பிள்ளை பேசிக்கொண்டே இருந்தாள், பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்கும்படி.

"எப்படிங்க இருக்குது?" என்று அவர் தோளைத் தொட்டுக் கேட்டாள் சம்பூரணம்.

"எங்கயும் இழை அறுபடல" என்றார் சென்னியப்பன். "நல்லா ஓடுது."